வார்டில் நிற்கக் கற்றுக்கொடுப்பது யார்? கிளினிக்கல் ஃபார்மசி முதுநிலைப் படிப்பு பற்றிச் சில குறிப்புகள்

ஃபார்ம்.டி படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது வீட்டு விசேஷத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்: "ஆறு வருஷம் படிச்சிட்டு மெடிக்கல் ஷாப்தான் வைக்கப் போறியா?" கேட்பவர் மேல் தப்பில்லை. கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்று ஒருவர் வார்டில் நின்று வேலை செய்வதை அவர் பார்த்ததே இல்லை. சொல்லப்போனால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர்களிலும் சிலர் பார்த்ததில்லை. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

முதலில் அந்த வேலை என்ன என்று ஒரு உதாரணத்தில் சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய்க்குப் பல வருடங்களாக ஃபெனிட்டாயின் 300 மி.கி. சாப்பிட்டு வரும் ஒருவருக்குக் காசநோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கூட்டு மருந்து தொடங்குகிறார்கள். அதில் ஐசோனியசிட் இருக்கிறது, ரிஃபாம்பிசின் இருக்கிறது. ஐசோனியசிட் ஃபெனிட்டாயினைக் கல்லீரல் அழிப்பதைத் தடுக்கும், அதாவது இரத்தத்தில் அளவு ஏறும். ரிஃபாம்பிசின் அதே கல்லீரலைத் தூண்டிவிட்டு ஃபெனிட்டாயினை வேகமாக அழிக்க வைக்கும், அதாவது அளவு இறங்கும். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு வரியும் இருக்கும், இரண்டும் சரிதான். இப்போது டாக்டரிடம் போய் என்ன சொல்வது? டோஸைக் கூட்டுங்கள் என்றா, குறையுங்கள் என்றா?

இதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது, நோயாளியிடம்தான் இருக்கிறது. ஐசோனியசிட்டை மெதுவாக வெளியேற்றும் உடல்வாகு நம் மக்களில் கணிசமான பேருக்கு உண்டு. அவர்களுக்கு அளவு ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம். ஏறினால் ஃபெனிட்டாயின் படிப்படியாக ஏறாது. அதை அழிக்கும் நொதி ஒரு கட்டத்துக்கு மேல் நிரம்பிவிடும், அதன் பிறகு கொஞ்சம் கூட்டினாலே அளவு எங்கேயோ போய்விடும். ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண்விழி துடிக்கும். வார்டில் பார்ப்பவர்களுக்கு "குடிச்சிட்டு வந்திருக்காரு" என்றோ புதிதாகப் பக்கவாதம் என்றோ தோன்றலாம். இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு பார்க்கும் வசதி மாவட்ட மருத்துவமனையில் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே தினமும் போய் விழியைப் பார்க்க வேண்டும், நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், வீட்டம்மாவிடம் எத்தனை மாத்திரை கொடுக்கிறார் என்று அட்டையைக் காட்டச் சொல்லி எண்ண வேண்டும். ஆறு மாதம் கழித்துக் காசநோய் மருந்து நிற்கும்போது இன்னொரு கண்டம் உண்டு. ரிஃபாம்பிசினுக்காக யாராவது ஃபெனிட்டாயினைக் கூட்டியிருந்தால், தூண்டுதல் அடங்கிய ஓரிரு வாரத்தில் அந்தக் கூட்டிய டோஸே நஞ்சாகும். அந்த நேரம் நோயாளி மருத்துவமனையில் இருக்க மாட்டார். எனவே அவர் வீட்டுக்குப் போகும்போதே யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த "யாராவது"தான் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். டாக்டருக்கு இது தெரியாது என்பதல்ல. ஒரு காலை நேரத்தில் அத்தனை படுக்கைகளைப் பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு அட்டையை எண்ண நேரம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, இதை ஒருவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? இங்கேதான் வளம் குறைந்த நாடுகள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. கற்றுக்கொடுக்க வேண்டியவர் இந்த வேலையைச் செய்தவராக இருக்க வேண்டும். இந்த வேலையே நாட்டில் இல்லை என்றால் செய்தவர் எங்கிருந்து வருவார்?

இந்தியாவில் மருந்தியல் பட்டப்படிப்பு 1930-களில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் முயற்சியில் தொடங்கியது. அதன் முகம் ஆரம்பத்திலிருந்தே தொழிற்சாலைப் பக்கம். நாட்டுக்கு மருந்து தயாரிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள், அந்தக் காலத்துக்கு அது நியாயம். 1948-ல் ஃபார்மசி சட்டம் வந்தது, பதிவு செய்வதற்கு டிப்ளமோ போதும் என்று நிலைபெற்றது. விளைவு: மருத்துவமனைக் கவுன்ட்டரில் டிப்ளமோ, தொழிற்சாலையில் பட்டம், கல்லூரியில் எம்.ஃபார்ம். எம்.ஃபார்ம் பிரிவுகளும் மருந்து வடிவமைப்பு, மருந்து வேதியியல், மூலிகை ஆய்வு, மருந்தியல் என்றுதான் இருந்தன. மருந்தியல் ஆசிரியர் எலிக்கு ஊசி போடுவதில் கைதேர்ந்தவர். மனித நோயாளியின் கேஸ் ஷீட்டை அவர் கையில் எடுத்ததில்லை, எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

இந்த முடிச்சு 1990-களின் பின்பாதியில் இரண்டு இடங்களில் அவிழ்ந்தது: மைசூரிலும் ஊட்டியிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். ஃபார்மசி கல்லூரிகளில். மருத்துவமனையை மையமாக வைத்த ஃபார்மசி பிராக்டிஸ் எம்.ஃபார்ம் படிப்பை அங்கே தொடங்கினார்கள். மைசூரில் அவர்களுக்கே உரிய பெரிய மருத்துவமனை இருந்தது. ஊட்டியில் அரசு தலைமை மருத்துவமனையைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் மலைவாழ் மக்களும் வந்து படுக்கும் அரசு வார்டுகள் அவை. துணைக்கு வந்தது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருந்த ரிபாட்ரியேஷன் பொது மருத்துவமனை. அங்கே வார்டு ஃபார்மசிஸ்ட் என்பது அன்றாட வேலை.

அந்த உதவி எந்த வடிவத்தில் வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம், கருவி, பாடத்திட்ட நகல் என்று அனுப்பியிருந்தால் கதை வேறு. வார்டில் வேலை பார்த்துப் பழகியவர்கள் நேரில் வந்து இங்குள்ள மாணவர்களோடு ரவுண்ட்ஸ் போனார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஒரு பாடநூலும் பிறந்தது. பார்த்தசாரதி, கேரின் நைஃபோர்ட்-ஹான்சன், மிலாப் நஹாதா மூவரும் பதிப்பித்து 2004-ல் வந்த 'எ டெக்ஸ்ட்புக் ஆஃப் கிளினிக்கல் ஃபார்மசி பிராக்டிஸ்'. இன்றைக்கும் ஃபார்ம்.டி மாணவர் பையில் அது இருக்கும் (பெரும்பாலும் ஜெராக்ஸாக, அது வேறு விஷயம்). அதில் மருந்துகளைப் பற்றி இருப்பதைவிட நடத்தையைப் பற்றி இருப்பது அதிகம். நோயாளியிடம் மருந்து வரலாறு கேட்பது எப்படி, சிகிச்சை அட்டையைப் படிப்பது எப்படி, தகவல் கேட்டு வருபவருக்குப் பதில் தயாரிப்பது எப்படி என்று போகும்.

நடத்தை என்று சொன்னேன். வெளியிலிருந்து வருகிறவர் உண்மையில் கொண்டுவரக்கூடிய சரக்கு அதுதான். கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லாதே, கட்டிலுக்குப் போ. டாக்டர் எழுதியது தப்பு என்று நினைக்கும் முன் அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று யோசி. நோயாளி முன்னால் டாக்டரைத் திருத்தாதே. பிரச்சினையை மட்டும் கொண்டுபோகாதே, மாற்று மருந்து ஸ்டாக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ. தெரியாத கேள்விக்கு "பார்த்துச் சொல்றேன் சார்" என்று சொல், ஆனால் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. பாடத்திட்டத்தில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. பக்கத்தில் ஒருவர் இப்படி நடந்துகொள்வதை மாதக்கணக்கில் பார்த்தால் மட்டும்தான் ஒட்டும்.

ரவுண்ட்ஸில் ஒரு மாணவி முதல் முறையாகக் கேள்வி கேட்கும் தருணத்தை நான் பார்த்திருக்கிறேன். "சார், இந்தப் பாட்டிக்கு ஜென்டாமைசின் இன்னிக்கு ஏழாவது நாள். கிரியாட்டினின் நேத்து 1.8 வந்திருக்கு. தொடரணுமா சார்?" சீஃப் ஒரு நொடி நின்றார். "முதல்ல எவ்வளவு இருந்துச்சும்மா?" "0.9 சார்." அவ்வளவுதான், மருந்து நின்றது. அவள் கேட்டது கேள்வியாகத்தான் இருந்தது, அதற்குள் விடையும் இருந்தது. அந்த வாக்கியத்தை அப்படி அமைக்க அவளுக்கு நாலு மாதம் ஆனது. நாலு மாதமும் அவளுக்கு முன்னால் வேறொருவர் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்க முடியாது. அடிலெய்டிலோ அமெரிக்காவிலோ கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் அன்றாடம் செய்கிற பல வேலைகள் அங்குள்ள வசதியைச் சார்ந்தவை: மருந்தளவு சோதனை, கணினிப் பதிவேடு, வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று போனில் கேட்டால் சொல்லும் மருந்துக்கடை. நம் பக்கத்து அரசு வார்டில் அவை இருக்காது. அங்கே அரிதாகவும் இங்கே அன்றாடமாகவும் வரும் நோயாளிகள் வேறு: பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், காசநோய்.

பூச்சிமருந்தையே எடுத்துக்கொள்வோம். ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்கு அட்ரோபின் கொடுக்கும் முறை இலங்கை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளால் பெரிதும் தெளிவடைந்தது. முதல் டோஸ் கொடுத்து ஐந்து நிமிடம் பார்ப்பது, நுரையீரல் தெளியாவிட்டால், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறாவிட்டால் இரட்டிப்பாக்குவது, மறுபடி ஐந்து நிமிடம். எழுதும்போது சுலபம். இப்போது ஆம்பூல் கணக்கைப் போடுங்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது 0.6 மி.கி. ஆம்பூல். முதல் டோஸ் 1.8 மி.கி. என்றால் மூன்று ஆம்பூல், அடுத்து ஆறு, அடுத்து பன்னிரண்டு, அடுத்து இருபத்துநாலு. பதினைந்தாவது நிமிடம் முடிவதற்குள் நாற்பத்தைந்து ஆம்பூல் உடைத்திருக்க வேண்டும், ஒரே நோயாளிக்கு. இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவு அலமாரியில் எத்தனை இருக்கும்? மெயின் ஸ்டோர் சாவி யாரிடம்? சிஸ்டர் ஒருவர் தனியாக எத்தனை ஆம்பூலை உடைத்து ஏற்ற முடியும்? விஷ சிகிச்சை பற்றிப் படித்த மாணவருக்கும் இந்தக் கணக்கு தானாக வராது, ஸ்டோரில் நிற்கிற மருந்தாளுநருக்கு இது ஒரு சிகிச்சைக் கேள்வி என்று தோன்றாது. இரண்டையும் சேர்த்து யோசிக்கிற ஆள்தான் நமக்கு வேண்டியவர். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் இருக்காது. நாம்தான் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு உள்ளூர் விஷயமும் உண்டு. 1990-களின் நடுவில் வந்த மருத்துவப் பணிகள் கழகத்தால் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கிடைப்பது சீரானது, அது பெரிய சாதனை. ஆனால் டெண்டர் மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு நிறம்தான் மருந்தின் பெயர். "அந்த மஞ்ச மாத்திரை இந்தத் தடவ குடுக்கல" என்று பழைய மஞ்சளையும் புது வெள்ளையையும் சேர்த்துச் சாப்பிடுவார். இதைப் பிடிக்கும் திறமைக்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசத் தெரிந்தால் போதும்.

இனி 2008. அந்த வருடம் ஃபார்மசி கவுன்சில் ஃபார்ம்.டி படிப்பைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ முடித்து ஆறு வருடம், பி.ஃபார்ம் முடித்தவர் சேர்ந்தால் மூன்று வருடம். கடைசி வருடம் முழுக்க மருத்துவமனை: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

ஆனால் கணக்கு உதைக்கிறது. ஒரு கல்லூரியில் வருடத்துக்கு முப்பது பேர், பி.ஃபார்ம் முடித்து வருபவர் பத்துப் பேர். ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் சேர்த்து எண்பது பேர் ஒரே நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டியவர்கள். 300 படுக்கைக்கு எண்பது மாணவர் என்றால் தலைக்கு நாலு படுக்கைகூட இல்லை. அது பரவாயில்லை, நாலு நோயாளியை ஒழுங்காகப் பார்த்தாலே நிறையக் கற்கலாம். ஆனால் ஒவ்வொருவர் கேஸையும் ஒரு ஆசிரியர் தினம் பத்து நிமிடம் கேட்டால் எண்ணூறு நிமிடம், அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். நாலு பேர் பங்குபோட்டால்கூட ஆளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுபோகத்தான் கல்லூரி வகுப்பு. மைசூர், ஊட்டியில் பயின்றவர்கள் நாடெங்கும் போய்த் துறைகளைத் தொடங்கினார்கள், அவர்கள் இல்லை என்றால் ஃபார்ம்.டி தொடங்கியே இருக்க முடியாது. ஆனாலும் கல்லூரிகள் பெருகிய வேகத்துக்கு அவர்கள் எண்ணிக்கை ஈடுகொடுக்கவில்லை. வேறு பிரிவில் எம்.ஃபார்ம் படித்த நல்ல ஆசிரியர்களை வார்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வார்டு வாசலில் கூச்சத்தோடு நின்றார்கள், பின்னால் மாணவர்களும் நின்றார்கள்.

நின்றவர்கள் என்ன செய்வார்கள்? படிவம் நிரப்புவார்கள். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) மாதக் கடைசியில் ரவுண்ட்ஸ் பதிவேட்டில் முப்பது நாள் கையெழுத்தையும் ஒரே பேனாவில் ஒரே மதியத்தில் போட்டதைப் பார்த்தேன். இன்னொரு பழக்கம், மருந்துகளை செயலியில் தட்டி அது காட்டும் எல்லா எதிர்வினைகளையும் பட்டியலாக டாக்டரிடம் நீட்டுவது. இருபது எச்சரிக்கையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான் இருக்கும். மூன்றாவது நாள் டாக்டர் அந்தப் பட்டியலைப் படிப்பதை நிறுத்திவிடுவார், நாலாவது நாள் உண்மையான ஆபத்து அதில் இருந்தாலும் பார்க்க மாட்டார். ஆய்வேடுகளும் இதே சாயல்தான்: மருந்துச்சீட்டுகளை எண்ணுவது, விழிப்புணர்வுக் கேள்வித்தாள் கொடுப்பது. எண்ணிய பிறகு அந்த வார்டில் என்ன மாறியது என்ற கேள்வி கடைசி அத்தியாயத்தில்கூட வராது. மாணவரைத் திட்டிப் பயனில்லை. வேறு மாதிரி ஆய்வு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

வேறு மாதிரி ஆய்வு இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. இலங்கையில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையில் நாட்பட்ட நோய் உள்ளவர்களை இரண்டு குழுவாக வைத்து, ஒரு குழுவுக்கு வார்டில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் சேவை கொடுத்து, பிறகு பல மாதங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்துப் பிரச்சினையால் மறுபடி வந்து சேர்வது அந்தக் குழுவில் குறைந்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. வார்டில் ஒரு ஆள், கையில் நோட்டு, வீட்டுக்குப் போகும்போது விளக்கிச் சொல்லும் நேரம். முதுநிலை மாணவர் ஒருவர் எழுதக்கூடிய ஆய்வின் நல்ல முன்மாதிரி என்று என் மாணவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

அடுத்தது வேலை. 2021-ல் ஃபார்மசி பிராக்டிஸ் விதிகளில் திருத்தம் வந்து கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்ற பதவிப் பெயர் இடம்பெற்றது. விதியில் பெயர் இருப்பது ஒன்று, மாநில அரசு பணியிடம் உருவாக்குவது இன்னொன்று. அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கு அடிப்படைத் தகுதி இன்னும் டிப்ளமோதான், வேலையும் கவுன்ட்டர்தான். அவர்கள் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. வெளிநோயாளி வரிசையில் நிற்கும் கூட்டத்தை ஒரு நாள் சமாளித்துப் பார்த்தால் தெரியும். சில தனியார் மருத்துவமனைகள் தர அங்கீகாரத்துக்காக ஃபார்ம்.டி முடித்தவர்களை எடுக்கின்றன. மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் மருந்துப் பாதுகாப்புத் தரவு நிறுவனங்களுக்கும் மெடிக்கல் கோடிங்குக்கும் போய்விடுகிறார்கள். போகட்டும், சம்பளம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த தலைமுறை மாணவருக்கு வார்டில் நின்று காட்ட வேண்டியவர் ஒவ்வொரு வருடமும் இப்படிக் குறைந்துகொண்டே போகிறார். பணியிடம் இல்லாததைப் பட்டதாரியின் வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம், அது ஆசிரியர் பற்றாக்குறையின் வேரும்கூட.

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார். அவர் கல்லூரிக்கு அருகே மாவட்ட அளவிலான மருத்துவமனை இருக்கிறது, முதுநிலைப் படிப்பு தொடங்கலாமா என்று. நான் சொன்னது இதுதான். முதல் வருடம் மாணவர் சேர்க்கையே வேண்டாம். இந்த வேலையை உண்மையாகச் செய்த ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு மருத்துவ வார்டில், ஒரே ஒரு யூனிட்டோடு, தினமும் காலையில் ரவுண்ட்ஸ் போகவிடுங்கள். கல்லூரி வகுப்பு அவருக்கு மதியம் மட்டும். யூனிட் சீஃப் தானாகக் கூப்பிட்டு "இந்த மருந்து பத்திக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கும் நாள் வரும். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அந்த நாளுக்குப் பிறகு நாலு பேரைச் சேருங்கள். முப்பது வேண்டாம். அந்த வார்டுக்கு வருகிற நோய்களை வைத்துப் பாடத்திட்டத்தின் பாதியை மாற்றி எழுதுங்கள்.

நண்பர் ஆய்வகத்துக்கு என்ன கருவி வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்டார். எடை பார்க்கும் மெஷின் ஒன்று, வார்டிலேயே வைக்க என்றேன். சிரித்தார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் கணக்கிட வயதும் கிரியாட்டினினும் எடையும் வேண்டும். முதல் இரண்டும் கேஸ் ஷீட்டில் இருக்கும். மூன்றாவது எத்தனை கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் காலையில் போய் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.